மூடிய கதவுக்கு வெளியே: வளரிளம் பிள்ளைகளின் கவுன்சலிங்கும் பெற்றோரும்

(பழைய மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் செய்து, "காலையில டெக்னிக்கல் பேச்சு நிறைய இருக்கு. மதியம் நீ குடும்பத்துக்குப் பயன்படற மாதிரி ஏதாவது பேசுப்பா" என்றார். "கவுன்சலிங் பற்றிப் பேசட்டுமா?" என்று கேட்டேன். உடனே அவர் சொன்னார்: "அதுதான் ஆன்லைன்ல ஆயிடுச்சே, இனிமே அதுல பேச என்ன இருக்கு?"

அவர் மேல் தப்பில்லை. தமிழ்நாட்டில் 'கவுன்சலிங்' என்றால் பொறியியல் கல்லூரிச் சேர்க்கை. 1997-ல் ஒற்றைச் சாளர முறை வந்ததிலிருந்து அந்த வார்த்தைக்கு நம் ஊரில் அதுதான் பொருள். 2018-ல் ஆன்லைன் ஆகும் வரைக்கும் கிண்டி அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்கு அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் இந்த அரங்கில் பாதிப் பேர் இருப்பீர்கள். திரையில் சீட் எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும். கட்-ஆஃப் என்ன, எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்பதுதான் பேச்சு. உனக்கு எது பிடிக்கும், உனக்கு எதைக் கண்டால் பயம் என்று கேட்க அங்கே ஆள் கிடையாது. நான் இன்று பேசப்போகும் கவுன்சலிங் இதற்கு நேர் எதிரானது. அங்கே அந்த இரண்டு கேள்விகள் மட்டும்தான் உண்டு. கட்-ஆஃப் கிடையாது.

இதைப் பேச உனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நான் மனநல மருத்துவன் இல்லை. ஒரு ஆலையில் இன்ஸ்ட்ருமென்டேஷன் பிரிவில் வேலை பார்க்கிறேன். என் தகுதி ஒன்றே ஒன்றுதான். தாய்மாமன் என்ற முறையில், என் அக்கா பையன் கவுன்சலிங் போன நாட்களில் பெரும்பாலும் அந்தக் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் நான். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்ததையும், பிறகு படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

இங்கே பேசுவதற்கு அவனிடம் அனுமதி கேட்டேன். "எம் பேரு வேண்டாம் மாமா. எதுக்குப் போனேன்னு சொல்லுங்க. உள்ள என்ன பேசினேன்னு மட்டும் சொல்லாதீங்க" என்றான். "உள்ள என்ன பேசினேன்னு எனக்கே தெரியாதேடா" என்றேன். சிரித்துக்கொண்டே, "அதுதான் மாமா அங்க விஷயமே" என்றான். நான் சொல்ல வந்ததன் சாரமும் அதுதான்.

வயிற்றுவலியில் ஆரம்பித்தது

அக்கா வீடு ஈரோட்டில். மச்சானுக்கு மஞ்சள் மண்டி. பையன் பத்தாம் வகுப்பில் நல்ல மார்க். 2022 ஜூனில் பதினொன்றாம் வகுப்புக்குப் பெயர் பெற்ற ஒரு பள்ளியில் சேர்த்தார்கள். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் இரவு ஏழரைக்கு வீடு. ஆகஸ்டில் திங்கட்கிழமை காலையில் வயிற்றுவலி என்று ஆரம்பித்தான். பிறகு செவ்வாய்க்கிழமையும் வலித்தது. செப்டம்பரில் வாரத்தில் இரண்டு நாள் போனால் பெரிது. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை.

இந்த நிலைமையில் ஒரு குடும்பத்தில் என்னென்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். மச்சான், "செல்லம் குடுத்துக் கெடுத்துட்டீங்க" என்றார். எங்கள் அம்மா, அதாவது அவனுடைய அம்மாயி, திருஷ்டி கழித்துக் கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டினார். பக்கத்து வீட்டில் யாரோ சொன்னார்கள் என்று பத்து விரல் ரேகையையும் ஸ்கேன் செய்து மூளையின் திறமையைச் சொல்லும் டெஸ்ட் ஒன்றையும் அக்கா எடுத்தார். கலர் கலராக ஒரு ரிப்போர்ட் வந்தது. பையனுக்குத் தலைமைப் பண்பு அதிகம் என்று அதில் போட்டிருந்தது. தலைவர் போர்வையை இழுத்து மூடிப் படுத்திருந்தார்.

கடைசியில் வழி காட்டியவர் வழக்கமாகப் பார்க்கும் குழந்தை மருத்துவர்தான். "வலி நிஜம். அவன் நடிக்கவில்லை. ஆனால் வலிக்குக் காரணம் வயிற்றில் இல்லை" என்றார். அப்போதும் வீட்டில் ஒரு வாரம் தயங்கினார்கள். "வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் பொண்ணு குடுப்பாங்க?" பதினாறு வயதுப் பையனுக்கு! அந்த வாரத்தில் ஒரு ராத்திரி அவன் அம்மாயியிடம், "நான் இல்லேன்னா எல்லாரும் நிம்மதியா இருப்பீங்கல்ல?" என்று கேட்டிருக்கிறான். மறுநாள் காலையில் மச்சானே எனக்குப் போன் செய்தார். "மாப்ளே, எங்க போகோணும்னு பாருங்க. நான் வண்டி எடுக்கறேன்" என்றார்.

நண்பர்களே, இது ஏதோ அபூர்வமான கதை என்று நினைக்காதீர்கள். 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் ஏழில் ஒருவருக்கு ஏதாவது ஒரு மனநலப் பிரச்சினை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வாழ்நாளில் வரும் மனநலப் பிரச்சினைகளில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளும், ஏறத்தாழ பாதி 18 வயதுக்குள்ளும் தலைகாட்டிவிடுகின்றன. அதாவது நாம் "வயசுக் கோளாறு, சரியாயிடும்" என்று தள்ளிவிடும் அதே வயதில்தான் கவனிக்க வேண்டியதும் ஆரம்பிக்கிறது.

யாரிடம் போவது?

நம் ஊரில் மூன்று வகையினர் இருக்கிறார்கள். மூவரையும் நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம்.

முதலாமவர் மனநல மருத்துவர். எம்.பி.பி.எஸ். முடித்து, மனநல மருத்துவத்தில் மேற்படிப்புப் படித்தவர். இந்த மூவரில் மருந்து எழுதும் அதிகாரம் இவருக்கு மட்டும்தான்.

இரண்டாமவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். உளவியல் பரிசோதனைகளும் பேச்சு வழிச் சிகிச்சையும் இவருடைய துறை.

மூன்றாமவர் கவுன்சலர். உளவியலிலோ சமூகப் பணியிலோ முதுகலைப் பட்டமும் பயிற்சியும் பெற்றவராக இருப்பது நல்லது. ஆனால் 'கவுன்சலர்' என்று போர்டு மாட்ட பெரிய தடை எதுவும் நடைமுறையில் இல்லை. ஆகையால் கேட்டுத் தெரிந்துகொள்வது நம் பொறுப்பு.

ஒரு பம்ப் வாங்கினால்கூட டேட்டா ஷீட் கேட்கிறோம். இங்கே கேட்க ஏன் கூச்சம்? என்ன படித்திருக்கிறீர்கள்? இந்த வயதுப் பிள்ளைகளிடம் எவ்வளவு நாள் வேலை செய்திருக்கிறீர்கள்? எந்த முறையில் செய்வீர்கள்? கட்டணம் எவ்வளவு? எதை எங்களிடம் சொல்வீர்கள், எதைச் சொல்ல மாட்டீர்கள்? நல்ல கவுன்சலர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்.

யாரைத் தவிர்ப்பது? "மூன்றே சிட்டிங்கில் முழு மாற்றம், கேரண்டி" என்பவரை. பையனைப் பார்க்காமலேயே காரணம் சொல்பவரை. விரல் ரேகையில் மூளையைப் படிப்பவரையும்தான். அதற்கு அறிவியல் ஆதாரம் எதுவும் கிடையாது.

கையில் காசு இல்லையே என்றால், அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் இலவசமாகப் பார்க்கிறார்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவே தனியாக உண்டு. ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு போகலாம்.

முதல் நாள்

நாங்கள் கோவைக்குப் போனோம். ஈரோட்டிலேயே ஆள் இல்லாமல் இல்லை. தெரிந்தவர் கண்ணில் பட வேண்டாம் என்று பையன் கேட்டுக்கொண்டான். நூறு கிலோமீட்டர்தானே.

அந்த அம்மையார் முதலில் நால்வரையும் ஒன்றாக உட்கார வைத்தார். பிரச்சினை எப்போது ஆரம்பித்தது, தூக்கம், சாப்பாடு, பள்ளிக்கூடம், வீட்டில் யாருக்காவது இது மாதிரி இருந்ததா என்று நிதானமாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு எங்களை வெளியே அனுப்பிவிட்டு அவனோடு தனியாகப் பேசினார். கடைசியில் மறுபடி எங்களைக் கூப்பிட்டு, ஒரு விதியைப் பையன் எதிரிலேயே சொன்னார்.

"இவர் என்னிடம் பேசுவது எனக்கும் இவருக்கும் நடுவில் இருக்கும். மூன்று விஷயத்தில் மட்டும் அது பொருந்தாது. தன் உயிருக்கு ஆபத்து என்று எனக்குத் தெரிந்தால் உங்களிடம் சொல்வேன். இன்னொருவருக்கு ஆபத்து என்றால் சொல்வேன். இவரை யாராவது துன்புறுத்துகிறார்கள் என்றால், சட்டப்படி சொல்ல வேண்டிய இடத்தில் சொல்வேன்."

மூன்றாவதற்குச் சட்டமே இருக்கிறது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 19-ஆம் பிரிவு. 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் தெரிவித்தே ஆக வேண்டும். இது கவுன்சலருக்கு மட்டுமல்ல, தெரிந்துகொண்ட எல்லோருக்கும் உள்ள கடமை.

பையனை 'இவர்' என்று சொன்னதிலேயே மச்சானுக்குக் கொஞ்சம் ஆச்சரியம். அடுத்து இந்த விதி வேறு. "அப்படீன்னா நான் பீஸ் கட்டறது எதுக்குங்க? எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னா?" என்று கேட்டுவிட்டார். அந்த அம்மையார் சிரித்தபடி, "அவருக்குப் பயமில்லாமல் பேச ஒரு இடம் வேண்டும். அந்த இடத்துக்குத்தான் நீங்கள் வாடகை கட்டுகிறீர்கள்" என்றார்.

பெற்றோருக்கு இதுதான் ரொம்பக் கஷ்டமான பாடம். பெற்று வளர்த்தது நாம். கதவை மூடிக்கொண்டு நம் பிள்ளை யாரோ ஒருவரிடம் அழுகிறான். நாம் வெளியே பழைய வாரப் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருக்கிறோம். ஆனால் யோசித்துப் பாருங்கள். சொன்னதெல்லாம் சாயங்காலமே அப்பா காதுக்குப் போய்விடும் என்று தெரிந்தால் எந்தப் பிள்ளை உண்மை பேசும்? நம்மிடம் சொல்லக்கூடியதாக இருந்தால் நம்மிடமே சொல்லியிருப்பானே. கதவு மூடியிருப்பது நம்மை அவமதிப்பதற்காக அல்ல.

அதற்காகப் பெற்றோர் முழு இருட்டில் இருக்க வேண்டும் என்றில்லை. எந்தத் திசையில் போகிறோம், வீட்டில் என்ன செய்ய வேண்டும், முன்னேற்றம் இருக்கிறதா, ஆபத்து உண்டா என்பதை எல்லாம் கேட்கலாம். பிள்ளையின் சம்மதத்தோடு அதைச் சொல்வார்கள். கேட்கக்கூடாதது ஒன்றே ஒன்றுதான். "என்னைப் பத்தி என்ன சொன்னான்?"

உள்ளே என்னதான் நடக்கும்?

அறிவுரை நடக்கும் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். "நல்லா எடுத்துச் சொல்லுங்க மேடம்" என்று அக்கா கும்பிட்டுக் கேட்டார். எடுத்துச் சொல்ல வீட்டில் ஆளா இல்லை? பெரியப்பா, சித்தப்பா, பள்ளி முதல்வர், டியூஷன் மாஸ்டர், நான் என்று எடுத்துச் சொல்லாதவர் யார்?

ஒரு அமர்வு 45 முதல் 50 நிமிடம். பொதுவாக வாரம் ஒருமுறை. முதல் மூன்று நான்கு வாரம் பழகுவதற்கே போய்விடும். கிரிக்கெட், சினிமா, மொபைல் கேம் என்று பேச்சு போகலாம். "இதுக்கா நூறு கிலோமீட்டர் வந்தோம்?" என்று தோன்றும். அஸ்திவாரம் தோண்டும்போது கட்டிடம் உயராது. நம்பிக்கை வந்த பிறகுதான் வேலை ஆரம்பிக்கிறது.

இந்த வயதுப் பிள்ளைகளின் பயத்துக்கும் மனச்சோர்வுக்கும் பெரும்பாலும் பயன்படும் முறைக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று பெயர். பெயர்தான் பெரிது, தத்துவம் எளிது. நினைப்பு, உணர்ச்சி, செயல் மூன்றும் ஒன்றை ஒன்று இழுக்கும். 'நான் பெயில் ஆகிவிடுவேன்' என்று நினைப்பு. உடனே நெஞ்சு படபடப்பு, வயிற்றுவலி. லீவு போட்டதும் படபடப்பு அடங்குகிறது. அடங்கியதால் மனசு என்ன கற்றுக்கொள்கிறது? 'லீவு போட்டால் தப்பிக்கலாம்.' அடுத்த நாள் பயம் இன்னும் கொஞ்சம் பெரிதாகிறது. இந்தச் சுழலை எங்கே வெட்டுவது என்று அவனையே கண்டுபிடிக்க வைப்பதுதான் வேலை. வீட்டுப்பாடமும் உண்டு.

அவன் பீரோவில் ஒட்டிவைத்திருந்த 'ஏணி'யை வீட்டில் எல்லோரும் பார்த்தோம், அதைச் சொல்லலாம் என்று அவனே சொன்னான். பத்துப் படி. முதல் படி, காலையில் யூனிபார்ம் போட்டுக்கொண்டு வீட்டிலேயே பத்து நிமிடம் உட்காருவது. அவ்வளவுதான். அடுத்தது, ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத நேரத்தில் மாமாவோடு பைக்கில் பள்ளி கேட் வரை போய்த் திரும்புவது. பிறகு நூலகத்தில் ஒரு மணி நேரம். பிறகு தனக்குப் பிடித்த கம்ப்யூட்டர் பீரியட் மட்டும். பிறகு அரை நாள். ஒரு படியில் கால் நடுங்கினால் நடுக்கம் தானாக அடங்கும் வரை அங்கேயே நிற்க வேண்டும், இறங்கி ஓடக்கூடாது. நின்றால் பயம் ஏறிப் பிறகு இறங்கிவிடும். இதை உடம்பே அனுபவித்துத் தெரிந்துகொள்ள வேண்டும், சொல்லிப் புரிய வைக்க முடியாது. பள்ளியும் இதற்கு ஒத்துக்கொண்டது. கவுன்சலரும் வகுப்பாசிரியரும் போனில் பேசினார்கள், அதுவும் பையன் சம்மதம் தந்த பிறகு.

மருந்து தேவைப்பட்டால்? கவுன்சலரே மனநல மருத்துவரிடம் அனுப்புவார். அப்படி அனுப்பினால் பயந்துவிடாதீர்கள். எல்லோருக்கும் மருந்து தேவைப்படாது. தேவைப்படுகிறவர்களுக்கு மருந்தும் பேச்சும் சேர்ந்து நல்ல பலன் தரும். நாமாகத் தொடங்குவதும் நாமாக நிறுத்துவதும்தான் கூடாது.

எத்தனை நாளாகும்?

எல்லாப் பெற்றோரும் கேட்கும் கேள்வி. என் தொழிலிலிருந்து ஒன்று சொல்கிறேன், துறைக்காரர்கள் பொறுத்தருளவும். பாய்லரில் வால்வைத் திறந்ததும் டெம்பரேச்சர் ஏறிவிடாது. சில நிமிடம் தாமதம் உண்டு. புது ஆபரேட்டர் என்ன செய்வார்? ஏறவில்லையே என்று இன்னும் திறப்பார், இன்னும் திறப்பார். பிறகு திடீரென்று ஏறும். பயந்து மூடுவார். நாள் முழுக்க ஊஞ்சலாடும். அனுபவசாலி ஒருமுறை திருப்பிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்.

மச்சானுக்கு நான் இதைச் சொன்னேன். அவர் இதைவிட நன்றாகச் சொன்னார். "ஈர மஞ்சளைப் பாலிஷ் போட்டா நெறம் வராதுங்க மாப்ளே. வேக வெச்சுப் பத்துப் பதினஞ்சு நாளு வெயில்ல காயோணும். காயறதுக்கு நாம ஒண்ணும் பண்ண முடியாது. மழை வராமப் பாத்துக்கலாம்." அன்றைக்குத்தான் அவருக்குப் பிடிபட்டுவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

நடுவில் நிலைமை மோசமானது போலத் தோன்றும் கட்டமும் வரலாம். ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ, பையன் அப்பாவை நேராகப் பார்த்து, "எனக்கு பயாலஜி வேண்டாம்பா. நான் எப்பவுமே கேட்கலை" என்றான். வீட்டில் பூகம்பம். "கவுன்சலிங் போய் எதிர்த்துப் பேசக் கத்துக்கிட்டான்" என்று பேச்சு. அதற்குக் கவுன்சலர் சொன்ன பதில்: "இவ்வளவு நாள் வயிறு பேசியது, இப்போது வாய் பேசுகிறது." வயிற்றுவலி அந்த மாதம்தான் குறைய ஆரம்பித்தது.

பொதுவாக ஆறு முதல் எட்டு அமர்வுக்கு ஒருமுறை உட்கார்ந்து, எங்கே ஆரம்பித்தோம், எங்கே இருக்கிறோம் என்று பார்ப்பது வழக்கம். அப்போதும் துளி மாற்றம் இல்லை என்றால் வெளிப்படையாகக் கேளுங்கள். முறையை மாற்றலாம், ஆளையும் மாற்றலாம். பிள்ளைக்கும் கவுன்சலருக்கும் ஒத்துப்போகாவிட்டால் அது யாருடைய குற்றமும் இல்லை.

எங்கள் பையனுக்குப் பதினாறு அமர்வு ஆனது. 2023 ஜனவரியில் முழு நாளும் பள்ளிக்குப் போனான். பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை எழுதினான். மார்க் எவ்வளவு என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை, அதுதான் சாதனை! இப்போது கல்லூரியில் இருக்கிறான். இன்ஜினியரிங் இல்லை. எல்லாம் மாயமாக மறைந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். இன்றைக்கும் சில ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முகம் வாடும். ஆனால் அப்போது என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.

பெற்றோருக்கு உள்ள வீட்டுப்பாடம்

வாகனத்தை ஒர்க்‌ஷாப்பில் விடுவது போலப் பிள்ளையை விட்டுவிட்டு, "ரெடியானதும் சொல்லுங்க" என்று இருக்க முடியாது. நமக்கும் வேலை உண்டு. எங்கள் வீட்டில் சொன்னவற்றில் நான் மறக்காதவை சில.

ஒன்று. வெளியே வந்ததும் விசாரணை வேண்டாம். "டீ சாப்பிடலாமா?" போதும். அவனாகச் சொன்னால் கேளுங்கள்.

இரண்டு. கவுன்சலரைப் பூச்சாண்டி ஆக்காதீர்கள். "இரு, மேடம்கிட்ட சொல்றேன்" என்று ஒருமுறை சொன்னால் பல வார உழைப்பு வீண்.

மூன்று. தூக்கம். இந்த வயதில் உடம்பின் கடிகாரமே ஒன்று, இரண்டு மணி நேரம் தள்ளிப் போகிறது. இரவு சீக்கிரம் தூக்கம் வராதது சோம்பேறித்தனம் அல்ல, உடற்கூறு. 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்கிறார்கள். நாமோ நாலரை மணிக்கு எழுப்பி ஐந்தரை மணி டியூஷனுக்கு அனுப்புகிறோம். எங்கள் வீட்டில் முதலில் நிறுத்தியது அந்த டியூஷனைத்தான்.

நான்கு. சாப்பிடும்போது படிப்புப் பேச்சு கிடையாது. மச்சான் இந்த விதியைக் காப்பாற்றியது பெரிய தவம். முதல் பத்து நாள் சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் யாருமே பேசவில்லை. பேச வேறு விஷயமே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது! பிறகு மஞ்சள் விலை, கிரிக்கெட் என்று மெல்ல ஆரம்பித்தது.

ஐந்து. கோயில், கயிறு, வேண்டுதல் எதையும் யாரும் விடச் சொல்லவில்லை. அம்மாயி கட்டிய கயிறு கடைசி வரை அவன் கையில் இருந்தது. கோயிலுக்குப் போகிறோம் என்று சிகிச்சையைத் தள்ளிப் போடக்கூடாது, அவ்வளவுதான்.

கவுன்சலர் செய்ய மாட்டாதவையும் உண்டு. உங்களுக்காக வேவு பார்க்க மாட்டார். நீங்கள் விரும்பும் குரூப்பில் சேர வைக்க மாட்டார். காதலை முறித்துத் தர மாட்டார். இந்த வேலைகளுக்காக அழைத்துப் போகிறீர்கள் என்றால் பெட்ரோல் மிச்சம், வீட்டிலேயே இருங்கள்.

காத்திருக்கக் கூடாத நேரம்

இதுவரை பொறுமை என்று சொன்னேன். ஒரு விஷயத்தில் பொறுமை கூடாது. "நான் இல்லேன்னா நல்லது" என்ற பேச்சு, தனக்குப் பிடித்த பொருளை எல்லாம் பிறருக்குக் கொடுத்துவிடுவது, உடம்பில் தானே காயம் செய்துகொள்வது, யாரோடும் பேசாமல் முற்றிலும் ஒதுங்குவது போன்றவை தெரிந்தால் அப்பாயின்ட்மெண்டுக்குக் காத்திருக்காதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்த மாதிரி ஆகிவிடும் என்று பயப்படுகிறோம். அது உண்மையல்ல என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் அந்தப் பிள்ளை காத்திருக்கும். தனியாக விடாதீர்கள். வீட்டில் உள்ள மருந்து, பூச்சிமருந்து எல்லாவற்றையும் பூட்டி வையுங்கள். உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். 14416 என்பது டெலிமானஸ், மத்திய அரசு 2022 அக்டோபர் 10-ல் தொடங்கிய இலவச மனநலச் சேவை. தமிழிலேயே பேசலாம். 104 தமிழக அரசின் மருத்துவ உதவி எண். குழந்தைகளுக்கு 1098. சென்னையில் 1986 முதல் சினேகா அமைப்பு தற்கொலைத் தடுப்புப் பணியைச் செய்துவருகிறது. முயற்சி செய்து பிழைத்த பிள்ளை என்றால் போலீஸ் கேஸ் ஆகுமோ என்று மறைக்காதீர்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் 115-ஆம் பிரிவு, அப்படிப்பட்டவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருத வேண்டும், தண்டிக்கக்கூடாது, சிகிச்சை தர வேண்டும் என்கிறது.

பின்வரிசைக்கு ஒரு வார்த்தை

தம்பி, தங்கைகளே, உங்களில் முதலாமாண்டு, இரண்டாமாண்டு படிப்பவர்கள் இன்னும் பத்தொன்பதைத் தாண்டாதவர்கள். விடுதியில் முதல் அரியர் வந்த ராத்திரி எப்படி இருக்கும் என்று எங்களுக்கும் தெரியும். 18 வயது நிறைந்துவிட்டால் கவுன்சலரிடம் போக உங்கள் சம்மதம் போதும். உயிருக்கு ஆபத்து என்ற நிலை இல்லாதவரை, நீங்கள் சொல்லாமல் வீட்டுக்குத் தகவல் போகக்கூடாது. பக்கத்து ரூம் நண்பன் ஒரு மாதிரி இருந்தால், "டேய், லூசா நீ" என்று தட்டிவிட்டுப் போகாமல், "வாடா, நான் கூட வர்றேன்" என்று சொல்லுங்கள். கூடப் போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாலே பெரிய உதவி. அனுபவத்தில் சொல்கிறேன்.

இறுதியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழங்கிய வழிகாட்டு நெறிமுறைகளில், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர், சமூகப் பணியாளர் இவர்களில் குறைந்தது ஒருவரையாவது வைத்திருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. நம் கல்லூரி நிர்வாகம் அதை எப்படியும் செய்யும். ஆனால் ஒருவர் இத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்குப் போதுமா? இன்னொருவரை வாரம் இரண்டு நாள் வரவழைக்கும் செலவை நம் சங்கம் ஏற்கலாம். பேட்ச்சுக்கு ஒரு ஆண்டு என்று பகிர்ந்துகொண்டால் யாருக்கும் பாரமில்லை. என் பேட்ச் சார்பில் முதல் ஆண்டை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். மேடை ஏறும் முன்பே நண்பர்களிடம் பேசிவிட்டேன்.

அறை விஷயத்தில் மட்டும் ஒரு சின்ன நிபந்தனை. துறைத் தலைவர் அறைக்குப் பக்கத்தில் வேண்டாம். யார் போகிறார், யார் வருகிறார் என்று எல்லோரும் பார்க்கும் காரிடாரிலும் வேண்டாம். நூலகத்துக்குப் பின்னால் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் பூட்டிக் கிடக்கும் அந்தப் பழைய ஸ்டோர் ரூம் போதும். ஒரு மேசை, மூன்று நாற்காலி, ஒரு மின்விசிறி, உள்ளிருந்து தாழ் போட வசதியான ஒரு கதவு. வெளியே ஒரு பெஞ்சு.

பொதுக்குழு இதைப் பரிசீலிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.